இடிக்கும் முன் ஒரு மழைக்காலம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வரைபடங்களும் படங்களும் கிடைத்தன. தெருத் திண்ணையிலிருந்து கொல்லை வரை நீண்டு கிடக்கும் அந்தப் பழைய வீட்டைப் பொது நூலகமாக மாற்றும் வேலை உன் கைக்கு வந்திருக்கிறது. பழுது பார்த்து மாற்றினாலும் சரி, இடித்துவிட்டு அதே மனையில் புதிதாகக் கட்டினாலும் சரி என்று வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டுக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறது உன் எஸ்டிமேட். எந்தப் பக்கம் பேசுவது என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியோடு வேறு பல பிள்ளைகளும் வருகிறார்கள். அதனால் உன் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, எல்லோரும் படிக்கும்படி இங்கேயே பதில் எழுதுகிறேன்.

பழுது பார்க்கும் பக்கம் பேசு. காரணம் சொல்கிறேன்.

உன் எஸ்டிமேட்டில் ரூபாய்க் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அந்த வீட்டில் ஏற்கெனவே செலவாகிக் கிடக்கும் ஆற்றலுக்குத்தான் அதில் ஒரு வரிகூட இல்லை. செங்கல் சூளையில் எரிந்த விறகு, சுண்ணாம்புக் காளவாயில் எரிந்த கரி, தேக்கு உத்திரங்களைக் கொண்டுவந்த கப்பலும் மாட்டுவண்டியும், மாதக்கணக்கில் உழைத்த கைகள் எல்லாம் நம் பாட்டன் காலத்திலேயே செலவாகிவிட்டன. இடித்தால் அவ்வளவும் ஒரே வாரத்தில் கப்பி மண்ணாகும். பிறகு சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் முதலிலிருந்து எரிக்கத் தொடங்குவோம். சுண்ணாம்புக்கல்லை வேகவைக்க 900 டிகிரி அளவு சூடு போதும். சிமென்ட்டுக்கான கிளிங்கர் உருவாக 1450 டிகிரி வரை போக வேண்டும். மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமென்ட் தயாரிப்பால் மட்டுமே வருகிறது. இடித்த கப்பிக்கும் ஓர் இடம் வேண்டும். சென்னையில் அது எங்கெல்லாம் போய்க் கொட்டப்பட்டது என்பதைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். 2022ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற நிலம் அது.

அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களுக்கான தேசிய அறக்கட்டளை 2011ல் ஓர் ஆய்வு நடத்தியது. சராசரிப் பழைய கட்டடத்தைவிட 30 சதவீதம் சிக்கனமாக இயங்கும் புதிய கட்டடம் ஒன்றைக் கட்டினால், கட்டியதால் விளைந்த கேட்டை அந்தச் சிக்கனம் ஈடுகட்ட எத்தனை வருடம் ஆகும் என்று கணக்கிட்டார்கள். கட்டடத்தின் வகையையும் ஊரின் தட்பவெப்பத்தையும் பொறுத்து 10 முதல் 80 வருடம் என்று விடை வந்தது. குளிருக்குச் சூடேற்றும் நாட்டின் கணக்கு அது. நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் புதிய பசுமைக் கட்டடம் என்ற பெயரைக் கேட்டவுடன் பழையதை இடிக்கக் கிளம்புகிறவர்களிடம் இந்த எண்களை நீ காட்டலாம். சூடாகிக்கொண்டிருக்கும் உலகத்தில் அடுத்த இருபது முப்பது வருடம்தான் முக்கியம். அந்த வருடங்களின் கடனை இன்றே ஏற்றிவைத்துவிட்டுப் பிறகு மெல்ல அடைக்கலாம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

"புதுசு என்றால் பயமில்லை" என்று வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். 2014 ஜூனில் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்தபோதே இடிந்து விழுந்தது 11 மாடிக் கட்டடம். 61 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் வயது அதன் பலத்தைச் சொல்லிவிடாது என்று அவருக்கு எடுத்துச் சொல். பழசு, புதுசு இரண்டையுமே சோதித்துத்தான் அறிய வேண்டும்.

இனி உன் வரைபடத்துக்கு வருகிறேன். ஒரு நூலகத்துக்கு என்னென்ன அறைகள் வேண்டும் என்று பட்டியல் போட்டு, அவற்றை ஒவ்வொன்றாக அந்த வீட்டுக்குள் இறக்கியிருக்கிறாய். கூடம் வரவேற்பறையாகிவிட்டது, முற்றம் கண்ணாடிக் கூரை போட்ட வாசிப்பறையாகிவிட்டது, மச்சு முழுக்கப் புத்தக அலமாரிகள். கல்லூரியில் வெற்று மனைக்கு இப்படித்தான் வரையச் சொல்லித் தருகிறார்கள். நின்றுகொண்டிருக்கும் கட்டடத்துக்கு இந்த முறை உதவாது. அந்த வீடு எப்படிப்பட்ட நூலகத்தைத் தாங்கும் என்று முதலில் அதனிடம் கேட்க வேண்டும். பயன்பாடு வளைந்து கொடுக்கட்டும்; அதற்கு உயிரில்லை, வலிக்காது. உத்திரமும் சுவரும் வளைந்தால் பிறகு நிமிராது. பழைய கட்டடங்களோடு வேலை செய்த காலம் முழுவதும் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டது இது ஒன்றைத்தான். மீதி எல்லாம் இதிலிருந்து வருவதே.

மச்சைப் பார். வீட்டுத் தளத்துக்கு நம் இந்தியத் தரவிதிகள் சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. புத்தக அடுக்குகள் நிற்கும் தளத்துக்கு அதே விதிகள் குறைந்தது 600 கிலோ என்கின்றன. அலமாரியின் உயரம் கூடக் கூட அதுவும் கூடும். நெல் மூட்டை அடுக்கிய மச்சுதானே, தாங்காதா என்று யாராவது சொல்வார்கள். நெல் சில மாதம் இருந்துவிட்டு இறங்கிவிடும். புத்தகம் ஏறிக்கொண்டேதான் போகும், இறங்காது. மரம் நீண்ட நாள் சுமையில் மெல்ல மெல்லத் தொய்யும் பொருள். ஆகவே அடுக்குகள் எல்லாம் கீழே, மண்ணில் அமர்ந்த தரையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். சுவரோடு ஒட்டினால் ஓதம் ஏறிப் புத்தகம் பூஞ்சை பிடிக்கும். மச்சில் மேசை, நாற்காலி, படிக்கிற மனிதர்கள். அதற்கும் விதி 300 கிலோ கேட்கிறது; உத்திரங்களைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் என்று எண்ணிக்கை எழுதி மாடிப்படிக்குப் பக்கத்தில் மாட்டிவிடு.

உத்திரத்தைப் பார்ப்பது என்றால் நடுவில் பார்ப்பதில்லை. நடுவில் தேக்கு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். சுவருக்குள் நுழையும் அதன் முனைகளைத்தான் பார்க்க வேண்டும். சுவர் ஈரத்தை வாங்கி முனைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கறையானும் அங்கிருந்துதான் தொடங்கும். நல்ல ஆசாரி ஒருவரைக் கூட்டிப் போய் ஒவ்வொரு முனையிலும் சுத்தியலால் தட்டச் சொல். சத்தத்திலேயே அவர் பாதிக் கணக்கைச் சொல்லிவிடுவார். சந்தேகம் வரும் இடத்தில் நான்கு செங்கல்லை எடுத்துத் திறந்து பார். முனை மட்டும் போயிருந்தால் முழு உத்திரத்தையும் தூக்கி எறியாதே. கெட்டதை வெட்டிவிட்டுப் புதிய மரம் கூட்டி இருபுறமும் இரும்புத் தகடு கொடுத்து முடுக்கலாம், அல்லது சுவரை ஒட்டி ஒரு தாங்கி நிறுத்தலாம்.

தலைப்பில் மழைக்காலம் என்று எழுதியிருப்பது அலங்காரத்துக்காக இல்லை. ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்க அந்த வீட்டோடு இருந்துவிட்டுப் பிறகு கோடு போடு. தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது, எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறுகிறது, மழை விட்ட எத்தனையாவது நாளில் காய்கிறது என்று சுவரிலேயே கரிக்கோடு போட்டுத் தேதி எழுதிக்கொள். விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டி வை. கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது, அடிமண்ணைப் பார்க்க வேண்டும். உடையாமலே இருந்தால் அது என்றோ வந்து அடங்கிய விரிசல். சுண்ணாம்புக் கூழ் செலுத்தி மூடினால் போதும். கோடையில் அளவெடுத்த கட்டடத்தைப் பற்றி எனக்கு ஒருபோதும் நம்பிக்கை வந்ததில்லை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 1870களின் தொடக்கத்திலிருந்து நின்ற மேரி என்ற நகர மன்றக் கட்டடம் 2014 நவம்பரில் பெருமழைக்கு இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே அதைத் திரும்பக் கட்டி 2021ல் திறந்தார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் சுவர் பழையது இல்லை. நாம் பேசுவது சுவரைக் காப்பாற்றுவதைப் பற்றி.

உன் வீட்டின் கூரை மெட்ராஸ் டெரஸ். படத்தில் அதன் அடிவயிறு தெளிவாகத் தெரிகிறது. உத்திரத்தின்மேல் குறுக்குச் சட்டங்கள். அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் மூலைவாட்டாகக் குத்தி நிறுத்தியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தைக் கொட்டி, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, கடைசியில் தட்டோடு பதித்திருப்பார்கள். கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. பங்குனி வெயிலில் அந்தக் கூரைக்குக் கீழேயும் பக்கத்து வீட்டு சிமென்ட் கூரைக்குக் கீழேயும் மாறி மாறி நின்று பார், வித்தியாசம் தலையிலேயே தெரியும். இது ஒழுகினால் உடனே யாராவது வந்து மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் போடச் சொல்வார்கள். இரண்டு அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு 120 கிலோ. உட்கார வரும் மனிதர்களுக்கு வைத்திருந்த பலத்தில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். ஒழுகாமலும் இருக்காது; வெயிலில் சிமென்ட் ஒரு மாதிரி நீளும், சுண்ணாம்புத் தளம் ஒரு மாதிரி நீளும், இரண்டுக்கும் நடுவே தண்ணீர் நின்றுகொள்ளும். உடைந்த தட்டோடுகளை எடுத்துவிட்டு, வாட்டம் சரி பார்த்து, அதே சுண்ணாம்பில் திரும்பப் பதிப்பதுதான் வழி.

சுவர்ப் பூச்சும் அப்படித்தான். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசிப் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். கூடவே உப்பும் ஏறும். இரண்டு வருடத்தில் பெயின்ட் உப்பி, பூச்சு பெயர்ந்து, செங்கல் மாவாக உதிரும். அதைக் காட்டி, பழைய சுவர் என்றால் இப்படித்தான் என்பார்கள். சுவரைக் கெடுத்தது அந்தப் பூச்சு. ஆகவே ஏற்கெனவே போட்ட சிமென்ட்டைப் பொறுமையாகத் தட்டி எடுக்கச் சொல், சுவரைக் காயவிடு, பிறகு சுண்ணாம்பு பூசு. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் மெல்ல மெல்லக் கல்லாகிறது. வேகவைத்தபோது கல்லிலிருந்து பிரிந்துபோன வாயுவில் ஒரு பகுதியையாவது அது திரும்ப வாங்கிக்கொள்கிறது என்பது நமக்கு மேலும் ஒரு லாபம். அவசரப்படுத்தினால் மட்டும் வெடிக்கும். தாளித்த சுண்ணாம்பு ஊறுவதற்கு நாள் கொடு, பூசிய பிறகு சாக்கு நனைத்துப் போட்டு நிழல் கொடு.

இதற்கெல்லாம் கொத்தனார் எங்கே என்று கேட்பாய். இருக்கிறார்கள். செட்டிநாட்டுப் பக்கம் கண்ணாடிபோல் மினுங்கும் பூச்சுச் செய்யத் தெரிந்த குடும்பங்கள் இன்னும் உண்டு. கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு தெரிந்தவர்கள் உண்டு. புதுச்சேரியில் தமிழர் தெருக்களின் வீடுகளைப் புதுப்பித்த வேலையில் பழகியவர்கள் உண்டு. வைசியாள் வீதியில் நடந்த அந்த வேலைக்கு 2008ல் யுனெஸ்கோ விருது வந்தது. விருது கிடைத்தது திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட சாதாரணத் தெரு ஒன்றுக்கு என்பதை நினைத்துக்கொள். அந்தத் தெருவில் போய் ஒரு நாள் நட. அங்கிருந்து ஒருவரைக் கூட்டி வந்து உன் ஊர் இளைஞர்கள் நாலு பேரை அவர் கையில் ஒப்படை. அவருக்குத் தினக்கூலிக்கு மேல், கற்றுக்கொடுப்பதற்கென்று தனியாக ஒரு தொகையை எஸ்டிமேட்டிலேயே எழுது. கற்றுக்கொடுப்பதைச் சும்மா கேட்டுக் கேட்டுத்தான் இந்தத் தொழிலில் ஆள் இல்லாமல் போயிற்று.

அடுத்தது முற்றம். உன் வரைபடத்தில் எனக்கு வருத்தம் தந்த கோடு முற்றத்தின்மேல் நீ போட்ட கண்ணாடிக் கூரை. ஊர் ஊராக இதைத்தான் செய்கிறார்கள். பழைய வீட்டை வாங்கியவுடன் முற்றத்தை மூடுகிறார்கள், உள்ளே வெந்து போகிறது, உடனே குளிர்சாதனம் வைக்கிறார்கள். முற்றம் அந்த வீட்டின் மூச்சுக்குழாய், தம்பி. பகலில் சூடான காற்று அதன் வழியே மேலே ஏறிப் போகும்போது தெருப்பக்கமிருந்தும் கொல்லைப்பக்கமிருந்தும் புதுக் காற்று உள்ளே வரும். இரவில் திறந்த வானத்தைப் பார்த்துத் தரை குளிரும். அந்தக் குளிர்ச்சியைக் கனத்த சுவர்கள் மறுநாள் பிற்பகல் வரை வைத்திருக்கும். கண்ணாடி இந்த இரண்டையும் நிறுத்திவிடுகிறது. வெளிச்சத்தை உள்ளே விட்டு வெப்பத்தை உள்ளேயே பூட்டி வைக்கிறது.

குரங்கும் புறாவும் வருமே, மழை வந்தால் புத்தகம் நனையுமே என்பது நியாயமான கவலை. கம்பி வலை போடு. முற்றத்தைச் சுற்றிய ஓட்டுத் தாழ்வாரத்தின் இறக்கத்தை அரை முழம் நீட்டு. புத்தகங்களைத் தாழ்வாரத்துக்கு உள்ளே, இரண்டாம் வரிசையில் வை. முற்றத்தில் விழும் மழையைப் பழைய வழியிலேயே கொல்லைக் கிணற்றுக்குக் கொண்டு போ. தமிழ்நாட்டில் 2003ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானது. அந்த வீட்டைக் கட்டியவர்கள் சட்டம் வருவதற்கு வெகு முன்பே கல்வாய்க்கால் வெட்டிக் குண்டான் வைத்துச் செய்துவிட்டார்கள். அடைத்திருக்கும் மண்ணை வாரினால் போதும் என்று உன் மூன்றாவது படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அரிய ஏடுகளோ பழைய பத்திரிகைத் தொகுதிகளோ இருந்தால் ஒரு சிறு அறையை மட்டும் தனியே அடைத்து அதற்குக் குளிர்சாதனம் வை. மற்ற இடத்துக்கு மின்விசிறியும் திறந்த சன்னலும் போதும்.

திண்ணையை உன் வரைபடத்தில் இடித்துவிட்டுச் சாய்தளம் போட்டிருக்கிறாய். சக்கர நாற்காலியில் வருகிறவர் முன்வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று நீ நினைத்தது மிகச் சரி. அந்த எண்ணத்தை ஒருபோதும் விடாதே. ஆனால் ஒரு பக்கத் திண்ணையில் மட்டும், அதற்கு மேலேயே மரச்சட்டம் வைத்துச் சாய்தளம் அமைக்கலாம். நாளைக்குத் தேவை மாறினால் கழற்றி எடுக்கலாம். மறு பக்கத் திண்ணை அப்படியே இருக்கட்டும். காலையில் செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர்கள் அங்கேதான் உட்காரப் போகிறார்கள். ஒரு காலத்தில் பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகிய இடம் அது.

கழிவறைகளை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டின் பழைய பகுதிக்குள் கொண்டு வராதே. மாற்றியமைத்த வீடுகளைக் கெடுத்ததில் முதல் இடம் இவற்றுக்குத்தான். மரத்தளத்தின்மேல் ஒரு குழாய் கசிந்தால் வெளியே தெரியவே வருடமாகும். அதற்குள் உத்திரம் போய்விடும். அந்தக் காலத்தில் கொல்லையில் வைத்தார்கள், நாமும் கொல்லையில் தனிக் கட்டாக வைப்போம். கூரையிட்ட நடையால் வீட்டோடு இணைப்போம். அந்தக் கட்டைச் சிமென்ட்டில் கட்டலாம். சிமென்ட்டின் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை, அதற்குரிய இடத்தில் அது நல்ல பொருள். மின்கம்பிகளைச் சுவரைக் கொத்திப் புதைக்காமல் குழாயில் வெளியே ஓடவிடு.

தீயைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2004 ஜூலையில் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளை நாம் இழந்தோம். கூரையில் கீற்று, வெளியேறக் குறுகலான வழி, அளவுக்கு மீறிய பிள்ளைகள். பழைய நூற்பாலை வளாகங்களை உணவகங்களும் அலுவலகங்களுமாக மாற்றிய மும்பையில், 2017 டிசம்பரில் கமலா மில்ஸ் வளாகத்து மாடி விடுதியில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். ஒரு கட்டடத்தின் பயனை மாற்றும்போது அதற்குள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதும் மாறுகிறது. ஒரு குடும்பம் பத்துப் பேரோடு வாழ்ந்த வீட்டுக்குள் நீ நூறு பேரைக் கொண்டுவரப் போகிறாய், அவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளாக இருப்பார்கள். நல்ல வேளையாக இந்த வீடு தெருவிலிருந்து பின்சந்து வரை போகிறது. கொல்லைக் கதவை இரண்டாவது வெளியேறும் வழியாக்கு. நூலகம் திறந்திருக்கும் நேரம் முழுக்க அது பூட்டப்படக் கூடாது. ரேழிக் கதவுகள் வெளிப்பக்கம் திறக்கட்டும். மச்சுக்கு இருக்கும் செங்குத்தான மரப்படி போதாது. முற்றத்தின் பின்பக்கம் இன்னொரு படி, இரும்பில், கழற்றக் கூடியதாக வை. அதற்கு இடம் இல்லை என்றால் மச்சைப் பொதுமக்களுக்குத் திறக்கவே வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் வீட்டின் அழகு விட்டுக்கொடுக்கட்டும்.

நீ இந்த வேலையை முடித்தபின் தேக்கும் சுண்ணாம்பும் உள்ள வீடுகளையே தேடிப் போவாயோ என்று எனக்கொரு பயம் உண்டு. அவை நம் ஊர்க் கட்டடங்களில் மிகச் சிறு பகுதி. உன் வாழ்நாளில் உன் கைக்கு வரப்போகும் பழைய கட்டடம் பெரும்பாலும் 1970, 80களின் கான்கிரீட் கட்டடமாகத்தான் இருக்கும். மூடிய சினிமாக் கொட்டகை, ஓடாத நூற்பாலை, தாலுகா அலுவலகம், வாரியக் குடியிருப்பு. யாரும் அவற்றை அழகு என்று சொல்வதில்லை, அவற்றுக்காக யாரும் நீதிமன்றம் போவதில்லை. ஆனால் அவற்றில் உறைந்திருக்கும் சிமென்ட்டும் கம்பியும் மலையளவு.

அவற்றுக்கு வேறு பாடம் படிக்க வேண்டும். கடலோரக் காற்றின் உப்பும் கரியமில வாயுவும் கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியை எட்டினால் துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்கிறது. மேலே கலவை பூசி மறைத்தால் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். துருவைச் சுரண்டி, போன கம்பிக்கு ஈடு கொடுத்து, உப்பு எதுவரை இறங்கியிருக்கிறது என்று துளைத்து எடுத்த மாதிரியைச் சோதித்துவிட்டுத்தான் மூட வேண்டும். சென்னை 2002ல்தான் நிலநடுக்க வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. அதற்கு முன் கட்டியவை குறைந்த கணக்கில் கட்டப்பட்டவை என்பதை நினைவில் வை. சில கட்டடங்கள் இந்தச் சோதனைகளில் தேறாது. தேறாததை இடிக்கத்தான் வேண்டும், மனம் கேட்காவிட்டாலும். அப்போதும் கதவு, சன்னல், கம்பி என்று பிரித்து எடு. சுண்ணாம்பில் கட்டிய செங்கல் முழுசாகக் கழன்று வரும், சிமென்ட்டில் கட்டியது உடைந்துதான் வரும் என்பதையும் அங்கே பார்ப்பாய்.

இந்த வகைக் கட்டடங்களில் என்ன செய்ய முடியும் என்பதற்கு பிரான்சின் போர்தோ நகரத்தைப் படி. ஆன் லகத்தோன், ழான் ஃபிலிப் வசால் என்ற இரு கட்டடக் கலைஞர்கள், 2021ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர்கள். அந்நகரில் 1960களில் எழுந்த மூன்று அடுக்குமாடிக் கட்டடங்களை, மொத்தம் 530 வீடுகளை, வேறு இரண்டு கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து 2017ல் மாற்றி முடித்தார்கள். குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்யவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிப்பக்கமாக 3.8 மீட்டர் ஆழத்துக்குப் புதிய தாழ்வாரமும் பால்கனியும் சேர்த்து ஒட்டினார்கள். வீடு பெரிதானது, வெளிச்சம் வந்தது, குளிர்காலச் செலவு குறைந்தது. இவர்கள்தான் அதே ஊரில் 1996ல் ஒரு சிறு சதுக்கத்தை அழகுபடுத்தும் வேலையை ஏற்று, பல மாதம் அங்கே போய் மக்களோடு பேசி, இது ஏற்கெனவே அழகாக இருக்கிறது என்று சொன்னவர்கள். சரளையை மாற்றுங்கள், மரங்களைப் பாருங்கள், அடிக்கடி பெருக்குங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள், வேறு எதுவும் செய்யவில்லை. எதையும் கட்டாமல் கையெழுத்துப் போடும் துணிவு ஒரு கட்டடக் கலைஞருக்கு எங்கிருந்து வருகிறது என்று நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்ததிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் நல்ல சான்று உண்டு. 1768ல் ஆற்காடு நவாப் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையின் பகுதியான கலச மகால் 2012 ஜனவரியில் தீக்கிரையானது. கூரை போன வெறும் சுவர்களைப் பார்த்து இனி அவ்வளவுதான் என்றவர்கள் பலர். பொதுப்பணித் துறை அதை மீட்டெடுத்தது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கேதான் நடக்கிறது. ஆறும் காடும் காற்றும் வழக்காக வரும் மன்றத்துக்கு, இடிக்காமல் காப்பாற்றிய கட்டடத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1958 முதல் நான்கு சிறு வரிசை வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தன் வீடாக்கிக்கொண்டதையும் போய்ப் பார். பத்து வருடம் போல் எடுத்துக்கொண்டு, ஒரு சுவரை எடுப்பதும் ஒரு முற்றத்தைத் திறப்பதுமாகச் செய்த வேலை.

வீட்டுக்காரர்களிடம் பேச வேண்டிய பணக் காரியம் ஒன்று. இந்த வேலையை மொத்தத் தொகைக்கு ஒப்பந்தம் விடாதே. பழைய சுவரைத் திறந்த பிறகுதான் உள்ளே என்ன என்று தெரியும். மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டவர் திறக்கவே மாட்டார், பூசி மூடிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. வேலைக்கு வேலை அளந்து கொடுக்கும்படி எழுது. எஸ்டிமேட்டில் ஐந்தில் ஒரு பங்கை எதிர்பாராததற்கென்று தனியே வை, அதை முதல் நாளே சொல்லிவிடு.

ஒப்பந்தத்தின் கடைசியில் பராமரிப்புக்கு ஒரு பிரிவு வேண்டும். திறப்பு விழாவோடு எல்லோரும் போய்விடுவார்கள். வீடு மழையோடு தனியாக நிற்கும். ஒவ்வொரு புரட்டாசியிலும் மாடியில் ஏறித் தூம்பு வாய்களைத் துப்புரவு செய்வது, தட்டோட்டில் முளைத்த அரசங்கன்றுகளை வேரோடு எடுப்பது, உத்திர முனைகளைத் தட்டிப் பார்ப்பது, பங்குனிக்கு முன் மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது. இவற்றுக்கு யார் பொறுப்பு, வருடத்துக்கு எவ்வளவு பணம், அது எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று பெயர் போட்டு எழுதி நூலகக் குழுவிடம் கையெழுத்து வாங்கு. ஒரு பதிவேடு தைத்து நூலகர் மேசையில் வை. நீ சுவரில் போட்ட கரிக்கோடுகளின் தேதிகளையும் உயரங்களையும் அதன் முதல் பக்கத்தில் உன் கையாலேயே எழுதிவிடு. அடுத்த வருடம் ஓதம் இறங்கியிருக்கிறதா என்று நூலகரே அளந்து பார்த்துக்கொள்வார்.

அன்புடன்,
உன் அண்ணன்